கோஷம் போடாத அத்தை

வாய்க்காலில் தண்ணீரே இல்லை. அத்தையின் சேலை மட்டும் நனைந்திருந்தது.

அது கோடை. மேட்டூரை மூடி மாதங்கள் ஆகியிருந்தன. வாய்க்கால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, அதற்குள் இறங்கிப் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். உளுந்து பிடுங்கப் போயிருந்த அத்தை கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை ஈரம். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

"வாய்க்கால்ல வழுக்கி விழுந்துட்டேன் புள்ள."

வருஷக்கணக்காக இதே பதில்தான். நடவு நாளில், மழை நாளில், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த நாளில் எல்லாம் இது பொருந்தியது. வாய் பழகிய பழக்கத்தில் அன்றைக்கும் அதுவே வந்துவிட்டது. சொன்ன பிறகு அத்தை ஒரு தரம் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னார்குடிக் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். தவளையின் வயிற்றைத் திறந்து, கண்ணாடி போல மெல்லிய அந்தச் சிறிய மூத்திரப் பையைக் கையில் வைத்துப் பார்த்தவள் நான். என் தலைக்குள் ஒன்றோடொன்று ஓடி வந்து மோதின: பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நிற்கிற அத்தை, கல்யாண வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிற அத்தை, எப்போது பார்த்தாலும் பழுப்பும் கறுப்புமாகச் சேலை கட்டுகிற அத்தை. கடைசியாக, கோஷம் போடாத அத்தை.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என் அப்பாவின் அக்கா அவள். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து, புருஷனும் செத்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் கூலி ஊர்வலம் கிளம்பினால் முன்வரிசையில் அத்தை நிற்பாள். கொடி பிடிக்கிறவர்கள் வேறு ஆட்கள், பேசுகிறவர்கள் வேறு ஆட்கள். கோஷம் எடுத்துக் கொடுப்பது அத்தை. "நடவுக் கூலியை உயர்த்திக் கொடு!" என்று அவள் ஒரு தரம் எடுத்தால் களத்து மேட்டில் மேய்கிற மாடு தலையைத் தூக்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் கூட்டம் "உயர்த்திக் கொடு!" என்று விழும்போது, அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றுக்குள் அதிரும். வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் இறக்கிப் பண்ணை நடவை முடித்துவிடப் பார்த்த வருஷம், லாரி வரப்போரத்தில் நின்றதும் அத்தை ஒரு குரல் எடுத்தாள். வந்த பெண்கள் இறங்கவே இல்லை. அவர்களும் நடவுக்காரிகள்தானே, கேட்டதும் புரிந்துவிட்டது.

பிறகு ஒரு கட்டத்தில் அத்தை நின்றுவிட்டாள். ஊர்வலத்துக்கு வந்தாள், ஆனால் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த வருஷங்கள் அவை. ஆட்சி ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு மாறியது, சுவரில் சின்னங்கள் மாறின, பண்ணை வீட்டுக்காரர்கள் நிலத்தைக் காரியக்காரரிடம் விட்டுவிட்டு மெட்ராசுக்குப் போனார்கள். கூலிச் சண்டை மட்டும் போகவில்லை. அத்தை வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு ஒரு காரணம் வேண்டாமா? காரணம் கிடைத்தது. எதிர்வீட்டுக்காரி, அத்தையை அண்ணி என்று கூப்பிடுகிறவள், நடவு வரிசையிலேயே சொன்னாள்:

"அண்ணி வாயில பண்ணை வீட்டு நெல்லு கிடக்குதுல்ல. எப்படித் திறப்பாங்க? கொட்டிப் போயிடும்."

வரிசையே சிரித்தது. கஞ்சித் தூக்கோடு வரப்பில் நின்ற நான் சண்டைக்குப் போனேன். அத்தை நிமிரக்கூட இல்லை. "நாத்த எடுத்துப் போடு புள்ள, வாயப் பாக்காத" என்றாள்.

அந்தக் கோடைக்கு முந்தின வருஷம் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்தபோது இந்த ஏச்சு உச்சத்துக்குப் போனது. ஆம்பளை ஆட்களின் கூலி ஏறியது. நடவுக்காரிகளின் கூலியைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். "பொம்பளைங்க தரப்புல யாரும் ஒண்ணும் சொல்லலியே?" என்று அதிகாரி கேட்டாராம். அத்தை பின் பெஞ்சில் கால்களை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில், கொல்லையில், எனக்கு இதெல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டது. படலைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன்.

"அத்தே, கத்துனா வந்துடுதா?"

அத்தை கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் துவைகல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கினாள்.

"கத்துனா, இருமுனா, தும்முனா, கட்டு தூக்குனா. என் மவ பொறந்தா பாரு, ரெண்டு ராத்திரி வலி. அதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. முன்னெல்லாம் சொட்டுதான். இப்ப அடக்கவே முடியல." பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல: "வயல்ல நிக்கிறப்ப ஒண்ணுமில்லடி. எல்லாருக்கும் இடுப்பு வரைக்கும் ஈரம். யாருக்குத் தெரியும்? அதுக்காகவே நடவு முடியக் கூடாதுன்னு வேண்டிக்குவேன்."

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. படபடப்புதான் வந்தது. இதற்கு மருந்து இருக்கும், வழி இருக்கும், நான் கண்டுபிடிக்கிறேன் என்று அப்போதே பஸ் ஏறிவிடுகிற படபடப்பு. என் சுபாவம் அப்படி. நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படத்தைப் பார்த்தேன். பை, அதன் கழுத்து, அதைத் தாங்கும் தசை. தாங்குகிற தசை தளர்ந்தால் கழுத்து இறங்கிவிடும், வயிற்றில் அழுத்தம் வந்தால் கழுத்தால் மூட முடியாது. அவ்வளவுதானே! தூக்கிக் கட்டினால் தீர்ந்தது. படத்தைக் காப்பியடித்து வந்து அத்தைக்குக் காட்டினேன்.

"இது என்னடி, கத்திரிக்காய் மாதிரி இருக்கு?"

"இதுதான் அத்தே உன் மூத்திரப் பை."

"சீ, மூடு. உங்கப்பன் பாத்துறப் போறான்."

மூடினேன். ஆனால் விடவில்லை. தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவிடம் இடுப்பு வலி என்று சொன்னோம். பஸ்ஸில் அத்தை வழக்கம்போல் நின்றுகொண்டே வந்தாள். நானும் எழுந்து நின்றேன். கண்டக்டர், "எடம் காலியா கெடக்கு, ரெண்டு பேரும் என்ன காவலுக்கா வர்றீங்க?" என்றார்.

அங்கே இருந்த டாக்டரம்மா நடுத்தர வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். அத்தை சொல்லத் தயங்கியதை நான் ஒரே மூச்சில் சொல்லி, ஆபரேஷன் எப்போது என்றும் கேட்டுவிட்டேன்.

"நீ யாரும்மா?"

"அண்ணன் மகளுங்க."

"தம்பி மவ" என்று அத்தை திருத்தினாள். அவசரத்தில் எனக்கு உறவுகூடக் குழம்பியிருந்தது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, என்னை விட்டு அத்தையிடம் பேசத் தொடங்கினார். உடனே கத்தி வேண்டாம், முதலில் பயிற்சி செய்து பார்ப்போம் என்றார். மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். ஊருக்கு வந்து குறுவை முழுக்க அத்தை அதைச் செய்தாள். களை எடுக்கும்போது, நெல் புடைக்கும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது. முகத்தைப் பார்த்தாலே தெரியும், பிடித்திருக்கிறாளா விட்டுவிட்டாளா என்று. கொஞ்சம் குறைந்தது. இருமலுக்குத் தாங்கியது. குரல் எடுத்தால் தாங்கவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி தஞ்சாவூர் போனோம்.

அன்றைக்கு டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். என் படத்தைவிட நன்றாக இருந்தது.

"வயித்துக்குக் கீழ திறந்து, இந்தக் கழுத்துக்கு ரெண்டு பக்கமும் தையல் போட்டு மேல தூக்கிக் கட்டுவோம். நிறையப் பேருக்கு நல்லாயிருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும்மா. நாங்க தைக்கிற இடம் பைக்கு ஒட்டினாப்புல இருக்கு. பிரிக்கிறப்ப பையில கிழிசல் விழலாம். தையல் பைக்குள்ள போயிடலாம். சிறுநீரகத்துலேர்ந்து வர்ற குழாய் பக்கத்துலயே ஓடுது, அது மாட்டிக்கலாம். அடிக்கடி நடக்கிறதில்ல. நடக்காதுன்னு சொல்ல மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கிழிஞ்சா என்னாகுங்க?"

"அப்பவே பாத்துட்டா அப்பவே தைச்சிடுவோம். பைக்குள்ள நீல மருந்து விட்டுப் பாப்போம், கிழிஞ்சிருந்தா நீலம் வெளியில தெரியும். குழாய் கொஞ்ச நாள் கூட இருக்கும், பை ஆறிடும். பாக்காம விட்டுட்டாத்தான் கஷ்டம். தப்பான வழியில ஓயாம ஒழுகலாம். இப்ப இருக்கிறத விட மோசம்."

"ஓயாமன்னா?"

"இருமாட்டாலும். தூங்குறப்பவும்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கினார். "இது உசுருக்கு ஆபத்தான நோய் இல்லம்மா. செய்யாமலே காலத்த ஓட்டலாம். செய்யிறதுன்னா யோசிச்சு நீங்களே வந்து சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. அத்தை டீ வேண்டாம் என்றாள். புத்தகத்தில் அம்புக்குறி போட்டு, "தூக்கிக் கட்டுதல்" என்று ஒரு வரியில் இருந்தது. பக்கத்தில் ஓடும் குழாயை அந்தப் படத்தில் நான் கவனிக்கவே இல்லை.

"வேண்டாம் அத்தே. விட்டுடலாம். இப்படியே..."

"இப்படியேன்னா எப்படி? பின்னாடி பெஞ்சுலயா?" அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு அந்தாளு கேட்டான், பொம்பளைங்க தரப்புல யாரும் ஒண்ணும் சொல்லலியேன்னு. எனக்கு இங்க வரைக்கும் வந்துச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "எந்திரிச்சுக் கத்தணும்னா பெஞ்சு நனைஞ்சிடும். அத்தினி பேரு முன்னாடி. மூடிக்கிட்டேன். என்னால நம்ம தெருப் பொம்பளைங்க எல்லாருக்கும் கூலி ஏறாமப் போச்சு. அவ நெல்லு நெல்லுங்கிறா. நெல்லு வாங்கியிருந்தாக்கூட தேவலாம், தின்னுருக்கலாம்."

பிறகு, "ஒரு டீ சொல்லு" என்றாள். டீயை முழுக்கக் குடித்தாள். வெளியூரில் அவள் முழு டீ குடித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆபரேஷன் நாளில் விடாமல் மழை. அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நடையில் நின்றார். எதிர்பார்த்ததை விட நேரம் ஆனது. கதவு திறந்து டாக்டரம்மா வந்தபோது, அவர் கண்ணாடி நெற்றியில் இல்லை, மூக்கில் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"பை முன்பக்கம் நல்லா ஒட்டிப்போய் இருந்துச்சு. பிரிக்கிறப்ப கிழிஞ்சிடுச்சு. நீல மருந்து விட்டதும் தெரிஞ்சுது. ரெண்டு அடுக்காத் தைச்சு, மறுபடி மருந்து விட்டுப் பாத்தோம், கசியல. சிறுநீரகக் குழாய் ரெண்டும் நல்லா இருக்கு. தூக்கிக் கட்டுற தையலும் போட்டாச்சு. ஆனா பை ஆறுற வரைக்கும் குழாய் உள்ள இருக்கணும். குழாய் அடைபடக் கூடாது, பை ரொம்பிடக் கூடாது. அதுதான் முக்கியம். ரொம்பினா தையல் பிரிஞ்சிடும்."

அப்பா, "நல்லாயிடுமாங்க?" என்று கேட்டார்.

"ஆறட்டும்" என்றார் டாக்டரம்மா.

மயக்கம் தெளிந்த அத்தை கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையைப் பார்த்தாள். அதில் விழுந்துகொண்டிருந்தது நீலமாக இருந்தது.

"என்னடி, சொட்டு நீலம் போட்டு வெளுத்துட்டாங்களா என்னைய?"

நான் சிரித்தேன். நடந்ததைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "ஒடைப்பு எடுத்து அடைச்சிருக்காங்க" என்றாள் மெதுவாக. எங்கள் ஊரில் வெள்ளத்தில் கரை உடைந்து, மூட்டை போட்டு அடைத்த பிறகு யாரும் தூங்க மாட்டார்கள். அடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படித்தான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் வெளுத்து, மஞ்சளாகி, தெளிந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுவதைப் பார்த்தால் நிம்மதி. சொட்டு நின்றால் பக்கென்று இருக்கும்.

நான் கீழே கஞ்சி வாங்கப் போயிருந்த ஒரு மாலையில் சொட்டு நின்றுபோனது. திரும்பி வந்தால் அத்தையின் கட்டிலைச் சுற்றி எங்கள் தெருக்காரர்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர், அவரோடு இரண்டு பெண்கள். ஒருத்தி எதிர்வீட்டுக்காரி. அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்து வரை போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். முகத்தில் வேர்வை. கட்டில் ஓரத்தில் பையைக் காணோம்.

"இடுப்பு வலிதான் தம்பி" என்று செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் தூக்கைக் கீழே வைப்பதற்குள் நர்சம்மா வந்துவிட்டார். ஒரே இழுப்பில் போர்வையை விலக்கினார். பை அத்தையின் மடியில். குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

"ஏம்மா, மூத்திரப் பையத் தூக்கி மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டா இருக்க? குழாய் மேல உக்காந்துட்டியே! தையல் போட்ட பை உள்ள ரொம்பிச்சுன்னா டாக்டருக்கு யாரு பதில் சொல்றது?"

வார்டு முழுக்கக் கேட்டது. செயலாளர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்சம்மா குழாயை நேராக்கிப் பையைக் கீழே மாட்டினார். சரசரவென்று இறங்கியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அது வலியா, நிம்மதியா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தேன். ரத்தம் இல்லை. தெளிந்துதான் இருந்தது.

எதிர்வீட்டுக்காரி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்காகவா அண்ணி?"

அத்தை போர்வையை மறுபடி இழுத்துக்கொண்டாள். நான் சொன்னேன். பின்வரிசை, பின் பெஞ்சு, வாய்க்கால், எல்லாவற்றையும் மளமளவென்று. அவள் கட்டிலில் அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நெல்ல நாங்க வாய்க்குள்ள தேடிக்கிட்டு இருந்தோம். நீங்க இந்தப் பைக்குள்ள வச்சிருந்துருக்கீங்க."

அத்தையின் உதடு துடித்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அடி சண்டாளி, சிரிக்க வைக்காத, தையல் பிரிஞ்சிடும்!" அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எதிர்வீட்டுக்காரிக்கும் வழிந்தது. செயலாளர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. போகும்போது எதிர்வீட்டுக்காரி என்னைத் தனியாக இழுத்து, "அந்த இறுக்கிப் பிடிக்கிறது எப்படிடி? என் தங்கச்சி கேட்டா" என்றாள். அவளுக்குத் தங்கச்சி கிடையாது. சொல்லிக் கொடுத்தேன்.

பை ஆறியது. குழாயை எடுத்த நாளில் அத்தை தானாக எழுந்து போய்விட்டு வந்து, "நேராப் போச்சு" என்றாள், அவ்வளவுதான். பொங்கலுக்கு வீட்டில் இருந்தாள். கனம் தூக்காதீர்கள் என்று சொல்லியிருந்ததால் பானையை நான் இறக்கினேன். மாதங்கள் போயின. இருமினாள், ஒன்றுமில்லை. தும்மினாள், ஒன்றுமில்லை. அறுவடை முடியும் சமயத்தில் கட்டும் தூக்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மன்னார்குடி வரை வந்தாள். இனிப் பயமில்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்.

ஆனால் கத்தவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எந்தக் குரலுக்காக இத்தனையும் செய்தோமோ, அதை மட்டும் இன்னும் கேட்கவில்லை. தூரத்தில் மாட்டைக் கூப்பிட வேண்டியிருந்தாலும் கையைத் தட்டினாள். ராத்திரியில் படுத்துக்கொண்டு அந்தக் குரலை ஞாபகத்தில் எடுத்துப் பார்ப்பேன். அப்பாவின் தோள் ஞாபகம் வருகிறது, கொடி ஞாபகம் வருகிறது, மாடு தலையைத் தூக்கியது ஞாபகம் வருகிறது. குரல் மட்டும் சரியாக வருவதில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாத்துக்கும் தாங்குதுன்னு இருக்கேன்டி" என்றாள். "அதுக்குத் தாங்கலன்னா? அடைச்ச எடம் திரும்ப ஒடைஞ்சிச்சின்னா? தெரியாம இருக்கிற வரைக்கும் நல்லாத்தானே இருக்கு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக முன்னால் ஓடி வர, பையன்கள் கூடவே ஓடினார்கள். குறுவை நடவு தொடங்குவதற்குள் திங்கள்கிழமை தாலுகா ஆபீஸுக்கு ஊர்வலம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். நடவுக்காரிகளின் கூலிதான் இந்த முறை முதல் கோரிக்கை. சாயந்திரம் எதிர்வீட்டுக்காரி வந்து படலருகே நின்று, "அண்ணி, திங்கக்கிழமை யாரு எடுத்துக் கொடுக்கிறது?" என்று கேட்டாள். அத்தை, "பாப்போம்" என்றாள்.

அவள் போன பிறகு அத்தை பெட்டியைத் திறந்தாள். பழுப்புச் சேலைகளுக்கு அடியில் கையை விட்டு, வெளிர்ப் பச்சைச் சேலை ஒன்றை எடுத்தாள். ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும் நிறம். துணிக்கொடியில் போட்டு மடிப்பை நீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"காலையில பெரிய மதகுக்குப் போவணும். தண்ணி விழுற சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது. நீ அந்தக் கரையில நில்லு."

"நான் எதுக்கு அத்தே?"

"எடுத்துக் கொடுத்தா பதில் சொல்ல ஆள் வேணாமாடி?"

அத்தை தூங்கிவிட்டாள். நான் விளக்கை வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் மதகில் தண்ணீர் விழுவது இங்கிருந்தே கேட்கிறது. அதையும் தாண்டி, அந்தக் கரையில் நிற்கும் எனக்கு அவள் குரல் கேட்க வேண்டும். கேட்டால், என்னால் முடிந்தவரை உரக்கப் பதில் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகுதான் சேலையைப் பார்ப்போம்.